நெருங்கிய பொருளுள்ள ஆங்கிலச் சொற்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் வழியாக ஆங்கிலம் கற்றவர்கள், ஒரு தமிழ்ச் சொல்லுக்கு எதிரே அகராதியில் மூன்று நான்கு ஆங்கிலச் சொற்களைக் கண்டு, எதை எழுதுவது என்று தயங்குவதுண்டு. அந்தத் தயக்கத்திலிருந்து எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. இலக்கணப் பெயர்களைக் கூடியவரை தவிர்த்து, நாம் தமிழில் அன்றாடம் செய்யும் தேர்வுகளைக் கொண்டே விளக்க முயன்றிருக்கிறேன்.

ஒரே பொருள் கொண்ட இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் உண்மையிலேயே இல்லையா?

ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை எல்லா இடத்திலும் வைக்கலாம் என்னும்படியான சொற்கள் மிகச் சிலவே. 'ஆல்மோஸ்ட்', 'நியர்லி' என்னும் இரண்டையும் பாருங்கள். 'ஏறக்குறைய' என்ற ஒரே பொருளைத்தான் இரண்டுக்கும் அகராதி தருகிறது. ஆனால் 'ஆல்மோஸ்ட் நெவர்' என்று சொல்பவர்கள் 'நியர்லி நெவர்' என்று சொல்வதில்லை. அதைப் போலவே 'வெரி நியர்லி' வழக்கில் உண்டு, 'வெரி ஆல்மோஸ்ட்' இல்லை. பொருள் ஒன்றாக இருந்தும், பக்கத்தில் அமரும் சொல் மாறியவுடன் ஒன்று பொருந்துகிறது, மற்றொன்று பொருந்தாமல் போகிறது.

இது தமிழருக்குப் புதிதன்று. நீரும் தண்ணீரும் ஒன்றுதான் என்றாலும், 'நீர்வீழ்ச்சி' என்று சொல்லும் நாம் 'தண்ணீர்வீழ்ச்சி' என்று சொல்வதில்லை. 'புன்னகை' என்று எழுதவேண்டிய இடத்தில் 'சிரிப்பு' என்று எழுதினால் முகத்தின் சாயலே மாறிவிடுகிறது. யாரும் நமக்கு விதி சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் அப்படிக் கேட்டுப் பழகும் வாய்ப்புக் குறைவாக இருப்பதால்தான் அதே வேலையைக் கவனித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்கு ஏன் இத்தனை சொற்கள்?

வந்தவர்கள் எல்லோரும் சொற்களை விட்டுச் சென்றதால்தான். பழைய ஆங்கிலத்தின் மேல் முதலில் ஸ்காண்டிநேவியர்களின் நார்ஸ் மொழிச் சொற்கள் கலந்தன. 1066-ஆம் ஆண்டு பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுச் சொற்கள் நிறைந்தன. பின்னர் கல்வியின் வழியே இலத்தீன் சொற்கள் நேரடியாக வந்து சேர்ந்தன. பழைய சொற்கள் பல மறையவில்லை. புதியவற்றோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டன.

'கேள்' என்பதற்கு ஆங்கிலத்தின் சொந்தச் சொல் 'ஆஸ்க்'. பிரெஞ்சு வழி வந்தது 'க்வெஸ்ச்சன்'. இலத்தீனிலிருந்து வந்தது 'இன்டராகேட்'. நண்பரிடம் வழி கேட்பது முதல் சொல். ஒருவர் கூற்றை ஐயுற்றுத் துருவிக் கேட்பது இரண்டாவது. காவல் அதிகாரி எதிரில் உட்கார்த்திவைத்து விசாரிப்பது மூன்றாவது. அரசருக்குரியது என்று பொருள்படும் 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' என்ற மூன்றும் இதே வரிசையில் வந்தவையே. நோயைக் குறிக்கும் 'சிக்' பழைய ஆங்கிலச் சொல், 'இல்' நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஒரு சொல்லின் பிறப்பிடம் தெரிந்தால் அதன் குணம் பாதி தெரிந்துவிடும். சொந்தச் சொற்கள் பெரும்பாலும் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். இலத்தீன் சொற்கள் நீண்டு, சற்று விலகி நின்று பேசும்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எந்த இடத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள்?

ஒரு தமிழ்ச் சொல் பரந்த இடத்தை ஆளும்போது ஆங்கிலம் அந்த இடத்தைக் கூறுபோட்டு வைத்திருக்கிறது. அங்கேதான் தடுமாற்றம் பிறக்கிறது. 'பார்' என்ற வினை ஒன்றே 'சீ', 'லுக்', 'வாட்ச்' மூன்றையும், சில நேரங்களில் சந்திப்பதைக் குறிக்கும் 'மீட்' என்பதையும் தாங்குகிறது. 'கேள்' என்பதோ இன்னும் பெரிய சுமையைத் தாங்குகிறது. அதற்குள் 'ஹியர்', 'லிசன்', 'ஆஸ்க்' மூன்றும் அடக்கம்.

இதற்கான திறவுகோல் தமிழிலேயே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'எனக்குச் சத்தம் கேட்கிறது' என்பதையும் 'நான் பாட்டுக் கேட்கிறேன்' என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் சத்தம் தானாக வந்து காதில் விழுகிறது. அதனால் 'எனக்கு' என்கிறோம். இரண்டாவதில் நான் விரும்பிச் செவிகொடுக்கிறேன். அதனால் 'நான்' என்கிறோம். முன்னது 'ஹியர்', பின்னது 'லிசன்'. கண்ணுக்கும் இதே கணக்குதான். 'எனக்கு மலை தெரிகிறது' என்பது 'சீ'. 'நான் மலையைப் பார்க்கிறேன்' என்று கண்ணைத் திருப்பி நோக்குவது 'லுக்'. 'பார்த்தேன், ஆனால் ஒன்றும் தெரியவில்லை' என்று நாம் சொல்லும்போது, 'ஐ லுக்டு, பட் ஐ டிட்ன்ட் சீ எனிதிங்' என்று ஆங்கிலேயர் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறோம். மொழிபெயர்க்கும் முன் அந்த வாக்கியத்தில் 'எனக்கு' வருமா, 'நான்' வருமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் தவறு நேராது.

'வாட்ச்' இவ்விரண்டிலும் சேராது. அசைகிற, மாறுகிற ஒன்றைத் தொடர்ந்து கவனிப்பதே அது. ஓவியத்தை 'லுக்' செய்யலாம். ஆட்டத்தை 'வாட்ச்' செய்யவேண்டும். திரைப்படத்துக்கு 'சீ', 'வாட்ச்' இரண்டும் வழக்கில் உள்ளன. தொலைக்காட்சிக்கு 'வாட்ச்' மட்டுமே இயல்பாக ஒலிக்கிறது.

'சே', 'டெல்' இரண்டும் சொல்வதுதானே? எங்கே எது?

பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. வாக்கியத்தில் கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதில்தான் வேறுபாடு. 'டெல்' தனக்கு அடுத்தபடியாகக் கேட்பவரை எதிர்பார்க்கிறது: 'ஹீ டோல்ட் மீ'. 'சே' சொல்லப்பட்ட செய்தியை எதிர்பார்க்கிறது; கேட்பவரைக் குறிக்க வேண்டுமானால் நடுவில் 'டு' வேண்டும்: 'ஹீ செட் டு மீ'. 'என்னிடம் சொன்னார்' என்பதில் உள்ள 'இடம்' என்ற உருபு நம் மனத்தில் அழுத்தமாக இருப்பதால், 'ஹீ டோல்ட் டு மீ' என்று எழுதிவிடுகிறோம். அந்த 'டு' தமிழிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

'டிஸ்கஸ்', 'டாக்' ஆகியவற்றிலும் இதே சிக்கல் வருகிறது. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பதற்கு 'டாக் அபவுட்' சரி. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருப்பதால் அதன்பின் 'அபவுட்' தேவையில்லை. எதிர்ப்பக்கத்தில், 'எக்ஸ்ப்ளெய்ன்' என்பதற்குப் பின் கேட்பவரைக் குறிக்க 'டு' கட்டாயம் வேண்டும். 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்பது பிழை. ஆகவே ஒரு சொல்லைக் கற்கும்போது அதன் பின்னால் என்ன வரும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். தனிச் சொல்லாக மனப்பாடம் செய்வதால் விளையும் கேட்டை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நல்ல சொல்வளம் உள்ளவர்களின் எழுத்துகூட இந்த ஒரு காரணத்தால் நொண்டுகிறது.

'டவுட்' என்றால் சந்தேகம்தானே? 'சஸ்பெக்ட்' என்பதும் அதுதானே?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான், ஏனெனில் இங்கே தவறினால் வாக்கியத்தின் பொருள் நேர்மாறாகிவிடும். 'அவர்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகப்படுகிறேன்' என்ற தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். எடுத்தது அவர்தான் என்ற எண்ணம் பேசுபவருக்கு இருக்கிறது. இதை 'ஐ டவுட் தட் ஹீ டுக் இட்' என்று எழுதினால், 'அவர் எடுத்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்' என்று பொருள்படும். குற்றம் சாட்ட வந்தவர் அவருக்காக வாதாடியதாக முடிந்துவிடும். சரியான வாக்கியம் 'ஐ சஸ்பெக்ட் தட் ஹீ டுக் இட்'.

சுருங்கச் சொன்னால், 'நடந்திருக்கும்' என்ற பக்கம் மனம் சாய்ந்தால் 'சஸ்பெக்ட்'. 'நடந்திருக்காது' என்ற பக்கம் சாய்ந்தால் 'டவுட்'. தமிழ்ச் 'சந்தேகம்' இரண்டு பக்கமும் சாயக்கூடியது.

இதோடு தொடர்புடைய இன்னொன்றும் உண்டு. பாடத்தில் புரியாத இடத்தைக் கேட்கும்போது 'ஐ ஹேவ் எ டவுட்' என்பது இந்திய ஆங்கிலத்தில் நிலைபெற்ற வழக்கு. இந்தியாவுக்குள் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பிற நாட்டவரோ, 'நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை' என்று அதைப் புரிந்துகொள்ளக்கூடும். அவர்களிடம் 'ஐ ஹேவ் எ க்வெஸ்ச்சன்' என்பதே பாதுகாப்பு.

கடிதங்களில் 'நம்புகிறேன்', 'எதிர்பார்க்கிறேன்', 'கோருகிறேன்' ஆகியவற்றை எப்படி எழுதுவது?

'தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்' என்பதில் உள்ள நம்பிக்கை ஒரு விருப்பம். அதற்கு 'ஹோப்' என்பதே உரியது. 'பிலீவ்' என்று எழுதினால், நலமாக இருக்கிறீர்கள் என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன் என்றாகிறது. ஒருவருடைய நேர்மையை நம்புவது 'டிரஸ்ட்'. அவர் சொன்ன ஒரு செய்தியை உண்மை என்று ஏற்பது 'பிலீவ்'. நடக்கவேண்டுமே என்று மனம் விழைவது 'ஹோப்'. மூன்றையும் தமிழ் ஒரே வினையால் சொல்லிவிடுவதால், எந்த நம்பிக்கை என்று எழுதுபவர்தான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

'தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்' என்பது தமிழில் பணிவான முடிப்பு. அதை 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்று மாற்றினால் பதில் தந்தே தீரவேண்டும் என்ற அதட்டல் வந்துவிடுகிறது. மேலதிகாரி ஊழியரிடம் சொல்வதுபோல் இருக்கும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்பதே நம் தமிழ் வாக்கியத்தின் மனநிலையைச் சரியாகக் கொண்டுசெல்லும்.

'கோருகிறேன்' இன்னும் ஆபத்தானது. விண்ணப்பத்தில் 'விடுப்பு வழங்குமாறு கோருகிறேன்' என்று எழுதுகிறோம். போராட்டத்தில் 'கோரிக்கைகளை நிறைவேற்று' என்று முழங்குகிறோம். முதலாவது 'ரிக்வெஸ்ட்', இரண்டாவது 'டிமாண்ட்'. விண்ணப்பத்தில் 'டிமாண்ட்' என்ற சொல் விழுந்துவிட்டால், கீழே எத்தனை முறை நன்றி சொன்னாலும் அந்த வடு மறையாது.

'டால்', 'ஹை' இரண்டும் உயரம்தானே?

இப்படிப்பட்ட இரட்டைகளுக்கு எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பார்ப்பது நல்ல வழி. 'டால்' என்பதன் எதிர்ச்சொல் 'ஷார்ட்'. 'ஹை' என்பதன் எதிர்ச்சொல் 'லோ'. உங்கள் வாக்கியத்தில் உயரத்துக்கு எதிராக எது நிற்கிறது? மனிதரானால் குட்டை, எனவே 'டால்'. கூரையானால் தாழ்வு, எனவே 'ஹை'. அகலத்தை விட உயரம் மிகுந்து நெடிதாக நிற்கும் மரம், தூண், கோபுரம் ஆகியவற்றுக்கு 'டால்' பொருந்தும். மலைக்கும் மதிலுக்கும், தரையிலிருந்து எவ்வளவு மேலே என்று சொல்லும் இடங்களுக்கும் 'ஹை' பொருந்தும்.

எதிர்ச்சொல் சோதனை 'ஓல்ட்' போன்ற ஒற்றைச் சொல்லையும் தெளிவாக்கும். அதற்கு எதிர் 'யங்' என்றால் முதுமை, 'நியூ' என்றால் பழமை.

'மேக்', 'டூ' இரண்டுக்கும் விதி உண்டா?

அரைகுறை விதி ஒன்று உண்டு: செயலின் முடிவில் புதிதாக ஒன்று உருவானால் 'மேக்', செயல் மட்டும் நடந்தால் 'டூ'. நாற்காலி செய்வது 'மேக்', வீட்டுப்பாடம் செய்வது 'டூ'. இந்த விதி கொஞ்ச தூரம்தான் வரும். தவறு செய்வது 'மேக் எ மிஸ்டேக்'. 'செய்' என்பதைப் பின்பற்றி 'டூ எ மிஸ்டேக்' என்று எழுதுவது நம்மவரிடையே மிகப் பரவலான பிழை. முடிவெடுப்பதற்கு 'மேக் எ டிசிஷன்', உதவி செய்வதற்கு 'டூ எ ஃபேவர்'. இவற்றுக்குக் காரணம் தேடுவதை விட, சேர்க்கையாகவே மனத்தில் பதிப்பது மேல்.

சொற்கள் இப்படித் தங்களுக்கென்று துணை வைத்துக்கொள்வது எல்லா மொழியிலும் உண்டு. 'பலத்த மழை' என்கிறோம், 'பலமான மழை' என்று பெரும்பாலும் சொல்வதில்லை. 'ஆழ்ந்த உறக்கம்' உண்டு. 'ஆழமான உறக்கம்' என்றால் சற்று இடறுகிறது. ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. தேநீருக்கு 'ஸ்ட்ராங்', இயந்திரத்துக்கு 'பவர்ஃபுல்'. இடம் மாற்றினால் இலக்கணம் பிழைபடாது. ஆனால் படிப்பவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார்.

'ஃபாஸ்ட்', 'குவிக்' ஆகியவற்றை மட்டும் இப்படி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பொருளாலேயே பிரிக்கலாம். வேகமாக ஓடுவது 'ஃபாஸ்ட்'. சிறிது நேரத்தில் முடிவது 'குவிக்'. அதனால்தான் கார் 'ஃபாஸ்ட்', பதில் 'குவிக்'.

பொருள் சரியாக இருந்தும் சில சொற்கள் ஏன் புண்படுத்துகின்றன?

சொல்லில் பொருளோடு மதிப்பும் கலந்திருக்கிறது. 'சிக்கனம்', 'கஞ்சத்தனம்' இரண்டும் செலவைக் குறைப்பதையே சொன்னாலும், முன்னதைப் பாராட்டாகவும் பின்னதை வசையாகவும் கேட்கிறோம். ஆங்கிலத்தில் அவை 'த்ரிஃப்டி', 'ஸ்டிஞ்சி'. மெலிந்த உடலுக்கு 'ஸ்லிம்' என்றால் மகிழ்வார்கள், 'தின்' என்றால் அது வெறும் தகவல், 'ஸ்கின்னி' என்றால் முகம் சுருங்கலாம். குழந்தையின் கள்ளமின்மையைப் புகழ 'சைல்ட்லைக்', முதிர்ச்சியின்மையைக் குறைகூற 'சைல்டிஷ்'.

நாளிதழ்களில் 'பிரபல ரவுடி கைது' என்று வாசித்துப் பழகியவர்கள், அந்தப் 'பிரபல' என்பதை 'ஃபேமஸ்' என்று மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். 'ஃபேமஸ்' நற்பெயரையே பெரிதும் சுமக்கும் சொல். கெட்ட பெயரால் பலருக்கும் தெரிந்தவரைக் குறிக்க ஆங்கிலத்தில் 'நொட்டோரியஸ்' தனியே இருக்கிறது. மறதியாக ஒரு விஞ்ஞானியை 'நொட்டோரியஸ்' என்று எழுதிவிட்டால் நேரும் சங்கடத்தை விளக்கத் தேவையில்லை.

பெரிய சொற்களை எழுதினால் எழுத்து உயர்ந்து தெரியுமா?

தெரியாது என்பதே என் உறுதியான எண்ணம். 'ஹெல்ப்' போதுமான இடத்தில் 'அசிஸ்ட்', 'பை' போதுமான இடத்தில் 'பர்ச்சேஸ்', 'பிகின்' போதுமான இடத்தில் 'கம்மென்ஸ்' என்று எழுதுவோர், மரியாதை கூடுகிறது என்று கருதுகிறார்கள். ஒப்பந்தத்துக்கும் அரசாணைக்கும் அந்தச் சொற்கள் உரியவைதாம். நண்பருக்கு எழுதும் மடலில், 'தாங்கள் போஜனம் அருந்திவிட்டீர்களா' என்று கேட்பதற்கு ஒப்பாக அவை விறைத்து நிற்கும். மேலும், நீண்ட சொற்கள் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை: இயந்திரத்தை 'ஸ்டார்ட்' செய்யலாமே தவிர 'பிகின்' செய்யவோ 'கம்மென்ஸ்' செய்யவோ முடியாது.

'ஃபியூவர்' - 'லெஸ்', 'ஹிஸ்டாரிக்' - 'ஹிஸ்டாரிக்கல்', 'பிட்வீன்' - 'அமங்' இவற்றைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

எண்ணக்கூடியது குறைந்தால் 'ஃபியூவர்', அளக்கக்கூடியது குறைந்தால் 'லெஸ்'. வரலாற்றில் இடம்பெறும் தகுதி வாய்ந்தது 'ஹிஸ்டாரிக்', வரலாற்றோடு தொடர்புடையது எதுவும் 'ஹிஸ்டாரிக்கல்'. பொருளாதாரம் சார்ந்தது 'எகனாமிக்', சிக்கனமானது 'எகனாமிக்கல்'. திருடப்பட்ட பொருளைச் சொல்ல 'ஸ்டீல்', பறிகொடுத்த ஆளையோ இடத்தையோ சொல்ல 'ராப்'. வெயிலுக்கு ஒதுங்கும் நிழல் 'ஷேட்', காலடியில் விழும் உருவம் 'ஷேடோ'.

'இருவருக்குள் பிட்வீன், இருவருக்கு மேல் அமங்' என்று கற்பிக்கப்படுவது முழுவதும் சரியன்று. மூன்று நாடுகளானாலும் அவை தனித்தனியாக நின்று உடன்படிக்கை செய்துகொண்டால் 'பிட்வீன்' வரும். கூட்டமாக, பிரித்துப் பாராமல் சொல்லும்போது 'அமங்' வரும்.

எந்த அகராதியைப் பார்ப்பது? ஒருபொருட் பன்மொழி அகராதி உதவுமா?

ஆங்கிலம்-தமிழ் அகராதி பொருளை அறிமுகப்படுத்தும். தேர்வு செய்து தராது. தேர்வுக்கு, கற்போருக்காகவே தொகுக்கப்பட்ட ஆங்கிலம்-ஆங்கில அகராதி வேண்டும். 1978-இல் வந்த லாங்மேன் அகராதி, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாச் சொல்லையும் விளக்கியது. 1987-இல் வந்த கோபில்ட் அகராதி ஒவ்வொரு சொல்லையும் முழு வாக்கியத்துக்குள் வைத்து விளக்கியது. அந்த விளக்கத்திலேயே சொல்லின் துணைகள் தெரிந்துவிடும். விளக்கத்தை விட, அதன்கீழ் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன்.

ஒருபொருட் பன்மொழித் தொகுப்பின் பயன் வேறு. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852-இல் வெளியிட்ட தெசாரஸ், சொற்களைக் கருத்துவாரியாக 1,000 தலைப்புகளில் அடுக்கியது. நம் நிகண்டுகளைப் போல, நினைவுக்கு வராத சொல்லை எட்டிப் பிடிக்க அது கைகொடுக்கும். பட்டியலில் உள்ள சொற்களுக்கிடையே என்ன வேறுபாடு என்பதை அது சொல்லாது. அங்கே கண்ட புதுச் சொல்லை, கற்போர் அகராதியில் பார்க்காமல் எழுத்தில் சேர்க்கவேண்டாம்.

மொழிபெயர்ப்புச் செயலியை நம்பலாமா?

முழு வாக்கியமாகக் கொடுத்தால் ஓரளவு நம்பலாம். தனிச் சொல்லாகக் கொடுத்தால் நம்பமுடியாது. 'நிழல்' என்று மட்டும் தட்டினால் எந்த நிழல் என்று செயலிக்கு எப்படித் தெரியும்? வந்த விடையை மீண்டும் தமிழுக்கு மாற்றிப் பார்ப்பதும் போதாது, ஏனெனில் 'ஷேட்' என்றாலும் 'ஷேடோ' என்றாலும் திரும்பி வருவது அதே 'நிழல்'தான்.

படித்த வேறுபாடுகள் மறந்துபோகின்றன. எப்படி நினைவில் நிறுத்துவது?

இரண்டு சொற்களின் பொருளை எதிரெதிரே எழுதிவைப்பதால் பயன் குறைவு. இரண்டு நாளில் எது எது என்று குழம்பிவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதுங்கள், மற்றச் சொல்லை அங்கே வைக்க முடியாதபடி அந்த வாக்கியம் அமையட்டும். 'லெண்ட்', 'பாரோ' இரண்டும் 'கடன்' என்றே நினைவில் நின்று என் மாணவர் ஒருவரைத் தொடர்ந்து தொல்லைப்படுத்தின. கொடுப்பது 'லெண்ட்', வாங்குவது 'பாரோ' என்று பலமுறை சொல்லியும் நிற்கவில்லை. பிறகு அவர் தம் குறிப்பேட்டில் இரண்டே வரிகள் எழுதிக்கொண்டார்: 'மை சிஸ்டர் லெண்ட் மீ ஹெர் அம்ப்ரெல்லா' என்பது ஒன்று, 'ஐ பாரோட் இட் அண்ட் லாஸ்ட் இட்' என்பது மற்றொன்று. தமக்கையின் குடையை உண்மையாகவே தொலைத்தவர் அவர். அதன்பின் அந்த இரண்டு சொற்களையும் அவர் மாற்றி எழுதியதை நான் பார்த்ததில்லை.